அஸூர் கஸ்டம் ரோல்: கூட்டலில் கெட்டி, கழித்தலில் கவனம்

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூரைப் பயன்படுத்தும் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், சப்ஸ்கிரிப்ஷன் (சர்வர்கள், சேமிப்பு எல்லாம் அடங்கிய கணக்கு) முழுவதற்கும் ‘காண்ட்ரிபியூட்டர்’ ரோலைக் (ரோல் என்பது அனுமதிகளின் தொகுப்பு) கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஓனர் ரோல் கொடுக்கவில்லை, இவரால் வேறு யாருக்கும் அனுமதி வழங்க முடியாது, பிறகென்ன பயம் என்ற நினைப்பு. ஆனால் அந்த ஒரு ரோல் போதும், அந்த சப்ஸ்கிரிப்ஷனில் இருக்கும் எல்லா விஎம்களையும் (வெர்ச்சுவல் மெஷின், அதாவது கிளவுடில் ஓடும் கணினி) அழிக்கலாம், ஸ்டோரேஜ் அக்கவுன்ட்டின் சாவிகளை எடுக்கலாம், சர்வருக்குள் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு ஸ்கிரிப்ட் ஓட்டலாம். இவ்வளவு அகலமான கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக அஸூரில் இருக்கும் வசதிதான் கஸ்டம் ரோல்: வேண்டிய அனுமதிகளை மட்டும் போட்டு நாமே எழுதும் ரோல். அன்றாட வேலைக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்க்கலாம்.

இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு டெனன்ட்டுக்கு (ஒரு நிறுவனத்தின் யூசர்கள் அடங்கிய தனி இடம்) 5,000 கஸ்டம் ரோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ரா ஐடியிலும் கஸ்டம் ரோல் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு பி1 லைசென்ஸ் வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. என்ட்ரா ரோல்கள் யூசர், குரூப், ஆப் ரெஜிஸ்ட்ரேஷன் போன்றவற்றைக் கவனிக்கின்றன. அஸூர் ரோல்கள் விஎம், ஸ்டோரேஜ், நெட்வொர்க், சப்ஸ்கிரிப்ஷன் ஆகியவற்றைக் கவனிக்கின்றன. சப்ஸ்கிரிப்ஷன் ஓனரால் ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றித்தர முடியாது. என்ட்ராவின் உச்ச நிர்வாகியான குளோபல் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு சப்ஸ்கிரிப்ஷன்கள் தாமாகக் கண்ணில் படாது. அவர் என்ட்ரா அமைப்பில் ஒரு சுவிட்சைப் போட்டால் ரூட் ஸ்கோப்பில் (எல்லா சப்ஸ்கிரிப்ஷன்களுக்கும் மேலான மட்டத்தில்) ‘யூசர் அக்சஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகிவிடுவார், அதாவது யாருக்கும் அனுமதி வழங்கலாம். அந்த சுவிட்ச் தானாக அணையாது. வேலை முடிந்ததும் நாமே போய் அணைக்க வேண்டும். எந்த டெனன்ட்டைச் சோதிக்க உட்கார்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அடிப்படைக் கணக்கு எளிது: யாருக்கு, என்ன அனுமதி, எந்த இடத்தில். மூன்றும் சேர்ந்தது ஒரு ரோல் அசைன்மென்ட். ‘இடம்’ என்பது ஸ்கோப். மேலே மேனேஜ்மென்ட் குரூப் (பல சப்ஸ்கிரிப்ஷன்களின் தொகுப்பு), அதன்கீழ் சப்ஸ்கிரிப்ஷன், அதன்கீழ் ரிசோர்ஸ் குரூப், கடைசியில் ரிசோர்ஸ் (விஎம், ஸ்டோரேஜ் போன்ற தனிப் பொருள்). மேலே கொடுத்தது கீழே எல்லாவற்றுக்கும் இறங்கும். கீழே வந்து இன்னொரு ரோலைக் கொண்டு அதைத் தடுக்க வழி இல்லை.

கஸ்டம் ரோல் என்பது ஒரு ஜேசன் (குறிப்பிட்ட வடிவில் எழுதிய எழுத்துக்) கோப்பு, அவ்வளவுதான். அதில் நான்கு பட்டியல்கள்: ஆக்ஷன்ஸ் (அனுமதிக்கும் நிர்வாகச் செயல்கள்), நாட்ஆக்ஷன்ஸ், டேட்டாஆக்ஷன்ஸ் (உள்ளே இருக்கும் டேட்டாவைத் தொடும் செயல்கள்), நாட்டேட்டாஆக்ஷன்ஸ். கூடவே அந்த ரோலை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ‘அசைனபிள் ஸ்கோப்ஸ்’. இந்த ஐந்தில் சிக்கலைக் கிளப்புவது நாட்ஆக்ஷன்ஸ்.

பெயரைப் பார்த்தால் ‘இதைச் செய்யக் கூடாது’ என்று தடை போடுவதுபோல் தெரியும். உண்மையில் அது வெறும் கழித்தல். அந்த ரோலுக்குள் இருக்கும் ஆக்ஷன்ஸ் பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்துவிடுகிறது. அந்த ரோலுக்கு வெளியே அதற்கு எந்த வலிமையும் இல்லை. ஒருவருக்கு ‘விஎம்மை அழிக்கக் கூடாது’ என்று நாட்ஆக்ஷன்ஸ் போட்ட கஸ்டம் ரோலைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே நபர் வேறொரு குரூப்பில் உறுப்பினர், அந்த குரூப்புக்கு ‘விஎம் காண்ட்ரிபியூட்டர்’ இருக்கிறது. அழிக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. எல்லா ரோல்களும் கூட்டப்பட்டுத்தான் இறுதி அனுமதி கணக்கிடப்படுகிறது. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸிலிருந்து வருபவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள். அங்கே பாலிசியில் ‘டினை’ என்று எழுதினால் வேறெங்கே அனுமதி இருந்தாலும் அது செல்லாது. அஸூரிலும் ‘டினை அசைன்மென்ட்’ என்று ஒன்று உண்டு, ஆனால் அதை நாம் நேரடியாக எழுத முடியாது; டிப்ளாய்மென்ட் ஸ்டாக், மேனேஜ்டு அப்ளிகேஷன் போன்ற சேவைகள் வழியாகத்தான் உருவாகிறது. இந்த அமைப்பின் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரு நிர்வாகிக்கு ‘இது யாராலும் முடியாது’ என்று ஒரே வரியில் சொல்லும் உரிமை வேண்டும். அது இல்லாததால் ரிசோர்ஸ் லாக் (அழிப்பதைத் தடுக்கும் பூட்டு), அஸூர் பாலிசி (விதிகள் போடும் சேவை) என்று பக்கத்துக் கருவிகளைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

ஆகவே கஸ்டம் ரோலைக் கூட்டலாக எழுதுங்கள். நட்சத்திரக் குறி (*, ‘எல்லாம்’ என்று பொருள்) போட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வேண்டாததைக் கழிப்பது ஆபத்து. ரிசோர்ஸ் புரொவைடர்களில் (அஸூரின் ஒவ்வொரு வகைச் சேவையையும் தரும் பகுதி) புதிய ஆக்ஷன்கள் வந்துகொண்டே இருக்கும், நட்சத்திரம் அவற்றையும் சேர்த்தே அள்ளும்.

ஒரு ரோலைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மாலையில் டெஸ்ட் விஎம்களை நிறுத்தி, காலையில் எழுப்பும் வேலை ஒருவருக்கு. வேறு எதையும் அவர் தொடத் தேவையில்லை. இதற்கு ‘விஎம் காண்ட்ரிபியூட்டர்’ ரொம்ப அதிகம். சப்ஸ்கிரிப்ஷனையோ ரிசோர்ஸ் குரூப்பையோ திறந்து, ‘அக்சஸ் கன்ட்ரோல்’ பக்கத்தில் ‘ஆட்’ அழுத்தினால் ‘ஆட் கஸ்டம் ரோல்’ வரும். ஏற்கெனவே இருக்கும் ரோலைக் குளோன் செய்யலாம், வெறுமையிலிருந்து தொடங்கலாம், ஜேசன் கோப்பை ஏற்றலாம். குளோன் செய்வது சுலபம்போல் தெரிந்தாலும் வேண்டாத நட்சத்திரங்கள் கூடவே வந்துவிடும். வெறுமையிலிருந்து தொடங்குவதே நல்லது. எல்லா அனுமதிகளையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும் இணைப்பும் அங்கேயே இருக்கிறது. திரையில் தேடுவதைவிட அதை எக்செல்லில் திறந்து வடிகட்டுவது பல மடங்கு வேகம்.

தேவையான ஆக்ஷன்கள்: கம்ப்யூட் புரொவைடரின் கீழ் ‘வெர்ச்சுவல்மெஷின்ஸ்/ரீட்’, ‘வெர்ச்சுவல்மெஷின்ஸ்/இன்ஸ்டன்ஸ்வியூ/ரீட்’, ‘ஸ்டார்ட்/ஆக்ஷன்’, ‘ரீஸ்டார்ட்/ஆக்ஷன்’, ‘டீஅலோகேட்/ஆக்ஷன்’. ரிசோர்ஸ் குரூப் திரையில் தெரிய ‘ரிசோர்ஸ்குரூப்ஸ்/ரீட்’. நெட்வொர்க் விவரம் தெரிய வேண்டுமானால் ‘நெட்வொர்க்இன்டர்ஃபேசஸ்/ரீட்’.

இதில் பலர் ‘பவர்ஆஃப்/ஆக்ஷன்’ மட்டும் சேர்த்துவிட்டு டீஅலோகேட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பவர்ஆஃப் என்றால் மெஷின் நின்றுவிடும், ஆனால் அது பிடித்துவைத்திருக்கும் ஹார்டுவேர் இடம் அப்படியே இருக்கும். கம்ப்யூட் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். டீஅலோகேட் செய்தால்தான் அந்தக் கட்டணம் நிற்கும். (டிஸ்க்குக்கான கட்டணம் இரண்டிலும் தொடரும்.) போர்ட்டலில் (அஸூரின் இணையத் திரையில்) இருக்கும் ‘ஸ்டாப்’ பொத்தான் அழைப்பது டீஅலோகேட்டை. ஆகவே பவர்ஆஃப் மட்டும் உள்ள ரோலோடு ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் அனுமதி இல்லை என்று பிழை வரும். சிஎல்ஐயில் (கட்டளை தட்டும் கருவியில்) ‘ஏஇசட் விஎம் ஸ்டாப்’ கொடுத்தால் பவர்ஆஃப் மட்டும் நடக்கும், பிழையும் வராது, பில்லும் குறையாது. பவர்ஷெல்லின் ‘ஸ்டாப்-ஏஇசட்விஎம்’ தன் இயல்பில் டீஅலோகேட் செய்யும். ஒரே வேலைக்கு மூன்று கருவிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததால், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயம் புரிகிறது. செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ரோலில் பவர்ஆஃப்பைச் சேர்க்கவே வேண்டாம். டீஅலோகேட் மட்டும் இருக்கட்டும். தவறான கட்டளை கொடுத்தால் பிழை காட்டும், அது நல்லதற்குத்தான்.

எழுதி முடித்ததும் ஒரு டெஸ்ட் யூசருக்கு மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்த ஆக்ஷன், எந்த ஸ்கோப்பில் தடைபட்டது என்று பிழைச் செய்தியே பெயர் சொல்லிக் காட்டும். அதை எடுத்து ரோலில் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் ரோல் சரியாகிவிடும். அஸூர் இந்த விஷயத்தில் பாராட்டுக்குரியது: பிழைச் செய்தி மழுப்புவதில்லை. ஆனால் மாற்றம் உடனே பிடிக்காது. அசைன்மென்ட் மாற்றம் பரவப் பத்து நிமிடம் வரை ஆகலாம். சேர்த்த உடனே சோதித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நட்சத்திரம் போட்டுவிடாதீர்கள். வெளியேறி மறுபடி உள்நுழைந்து பாருங்கள். மேனேஜ்டு ஐடென்டிட்டியை (ஆப்போ விஎம்மோ பாஸ்வேர்டு இல்லாமல் பயன்படுத்தும் அடையாளம்) ஒரு குரூப்பில் சேர்த்து, குரூப்புக்கு ரோல் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். அதன் டோக்கன் (அனுமதிச் சீட்டு) சுமார் 24 மணி நேரம் கேஷில் இருக்கும் என்பதால் மறுநாள்தான் பலன் தெரியலாம். மனிதர்களுக்கு குரூப் வழியாகக் கொடுங்கள், மேனேஜ்டு ஐடென்டிட்டிக்கு நேரடியாகக் கொடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி ஆபத்தான ஆக்ஷன்கள். ‘வெர்ச்சுவல்மெஷின்ஸ்/நட்சத்திரம்’ என்று எழுதினால் அதற்குள் ‘ரன்கமாண்ட்/ஆக்ஷன்’ அடங்கிவிடுகிறது. அது இருந்தால் விஎம்மின் பாஸ்வேர்டோ எஸ்எஸ்ஹெச் சாவியோ இல்லாமலே உள்ளே கட்டளை ஓட்டலாம். விண்டோஸில் சிஸ்டம் அக்கவுன்ட்டாக, லினக்ஸில் ரூட்டாக. அந்த விஎம்முக்கு ஒரு மேனேஜ்டு ஐடென்டிட்டி இருந்து, அந்த ஐடென்டிட்டிக்கு கீ வால்ட்டோ (ரகசியச் சாவிகளை வைக்கும் பெட்டகம்) சப்ஸ்கிரிப்ஷனோ திறந்திருந்தால், உள்ளிருந்தே 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியைக் கேட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். விஎம் பார்த்துக்கொள்ளக் கொடுத்த ரோல் இப்படித்தான் வேறெதற்கோ கதவாகிறது. ‘எக்ஸ்டென்ஷன்ஸ்/ரைட்’ என்பதற்கும் இதே வலிமை உண்டு.

இரண்டாவது, ஸ்டோரேஜ் அக்கவுன்ட்டின் ‘லிஸ்ட்கீஸ்/ஆக்ஷன்’. அஸூரில் நிர்வாகத்துக்கு ஆக்ஷன்ஸ், உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்க எழுத டேட்டாஆக்ஷன்ஸ் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். ‘ரீடர்’ ரோல் உள்ளவருக்கு பிளாப்பின் (ஸ்டோரேஜில் உள்ள கோப்பின்) உள்ளடக்கம் தெரியாது. அதற்கு ‘ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர்’ தனியாக வேண்டும். இந்தப் பிரிப்பு இந்த அமைப்பின் மிகச் சிறந்த பகுதி. ஆனால் காண்ட்ரிபியூட்டரிடம் டேட்டாஆக்ஷன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் லிஸ்ட்கீஸ் இருக்கிறது. சாவியை எடுத்தால் அக்கவுன்ட்டில் உள்ள அத்தனையும் அவர் கையில். அதற்குப் பிறகு ரோல் கணக்கே பார்க்கப்படாது. கஸ்டம் ரோலில் லிஸ்ட்கீஸைத் தவிர்ப்பதோடு நிறுத்தாமல், ஸ்டோரேஜ் அக்கவுன்ட்டின் அமைப்பில் ‘ஷேர்டு கீ அக்சஸ்’ என்பதையே அணைத்துவிடுங்கள். அணைக்கும் முன் பழைய ஆப் எதுவும் கனெக்ஷன் ஸ்டிரிங்கில் சாவியை வைத்து ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது, ‘ரோல்அசைன்மென்ட்ஸ்/ரைட்’. இது இருப்பவர் தனக்குத் தானே ஓனர் ரோலைக் கொடுத்துக்கொள்ளலாம். ‘ரோல்டெஃபினிஷன்ஸ்/ரைட்’ உள்ளவர், தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கஸ்டம் ரோலைத் திறந்து அதை அகலமாக்கிக்கொள்ளலாம். ஆனாலும் டீம் லீட் ஒருவர் தன் ஆட்களைத் தானே சேர்க்க வேண்டும் என்ற தேவை நியாயமானது. அதற்கு ‘ரோல் பேஸ்டு அக்சஸ் கன்ட்ரோல் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ரோலை நிபந்தனையோடு கொடுங்கள்: குறிப்பிட்ட சில ரோல்களை மட்டும், குறிப்பிட்ட நபர்களுக்கு மட்டும் வழங்கலாம் என்று கொடுக்கும்போதே கட்டிவிடலாம். ஓனர் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிட நல்ல வழி அஸூரில் இல்லை. ஒரு சப்ஸ்கிரிப்ஷனுக்கு அதிகபட்சம் மூன்று ஓனர்கள் போதும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

கஸ்டம் ரோல் உண்மையாகவே ஜொலிக்கும் இடம், சின்னஞ்சிறு ரோல்கள். நெட்வொர்க் குழு ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் விநெட் (வெர்ச்சுவல் நெட்வொர்க்) வைத்திருக்கிறது. டெவலப்பருக்கு வேறொரு ரிசோர்ஸ் குரூப்பில் காண்ட்ரிபியூட்டர். அவர் விஎம் உருவாக்கப் போனால் ‘லிங்க்டுஆத்தரைசேஷன்ஃபெயில்டு’ என்று நிற்கும். காரணம், விஎம்மின் நெட்வொர்க் கார்டு அந்த விநெட்டின் சப்நெட்டில் (அதன் ஒரு பகுதியில்) போய் ஒட்ட வேண்டும், அதற்கு ‘சப்நெட்ஸ்/ஜாயின்/ஆக்ஷன்’ அந்த சப்நெட்டில் வேண்டும். இங்கே அவசரப்பட்டு விநெட்டில் ‘நெட்வொர்க் காண்ட்ரிபியூட்டர்’ கொடுத்தால் சப்நெட்டையே மாற்றும் உரிமை அவர் கைக்குப் போய்விடும். மூன்றே வரி போதும்: விநெட் ரீட், சப்நெட் ரீட், சப்நெட் ஜாயின். இதை ‘சப்நெட் இணைப்பவர்’ என்று பெயரிட்டு விநெட்டில் கொடுத்தால் பிரச்சினை முடிந்தது.

இதேபோல், ரிசோர்ஸ் குரூப் அளவில் மட்டும் உரிமை உள்ளவர் இதுவரை அந்த சப்ஸ்கிரிப்ஷனில் பயன்படுத்தாத ஒரு சேவையைத் தொடங்கினால், புரொவைடர் பதிவாகவில்லை என்று பிழை வரும். பதிவு என்பது சப்ஸ்கிரிப்ஷன் அளவில் நடக்கும் வேலை. அதற்கான ‘ரெஜிஸ்டர்/ஆக்ஷன்’ மட்டும் கொண்ட ஒரு ரோலை சப்ஸ்கிரிப்ஷனில் கொடுக்கலாம், அல்லது தேவையான புரொவைடர்களை நிர்வாகியே முன்கூட்டிப் பதிந்துவைக்கலாம். இரண்டாவது வழி தலைவலி குறைவு.

அசைனபிள் ஸ்கோப்ஸில் சில விதிகள் இறுக்கமானவை. ரூட் ஸ்கோப்பைப் போட முடியாது, நட்சத்திரம் போட முடியாது. பல சப்ஸ்கிரிப்ஷன்களையும் ரிசோர்ஸ் குரூப்களையும் சேர்க்கலாம், மேனேஜ்மென்ட் குரூப் என்றால் ஒன்றே ஒன்றுதான். டேட்டாஆக்ஷன்ஸ் உள்ள ரோலை மேனேஜ்மென்ட் குரூப்பின்மேல் நேரடியாகக் கொடுக்க முடியாது. அதற்குக் கீழே உள்ள சப்ஸ்கிரிப்ஷன்களில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இருபது சப்ஸ்கிரிப்ஷன் வைத்திருப்பவர்களுக்கு இது எரிச்சல் தரும். டெனன்ட் முழுவதிலும் ஒரே பெயரில் இரண்டு ரோல்கள் இருக்கக் கூடாது என்பதால் ‘டெஸ்ட்-ரோல்’ போன்ற பெயர்களை வைக்காதீர்கள்; குழு, வேலை இரண்டும் தெரியும்படி வையுங்கள். ஒரு சப்ஸ்கிரிப்ஷனில் 4,000 ரோல் அசைன்மென்ட்கள்தான் இருக்கலாம், கீழே உள்ள ரிசோர்ஸ் குரூப், ரிசோர்ஸ் அளவில் கொடுத்தவையும் இதில் சேரும். ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் இந்த எண் சீக்கிரம் நிரம்பும். குரூப்புக்குக் கொடுத்தால் நூறு பேருக்கும் அது ஒன்றுதான். வேலையை விட்டுப் போனவர்களின் அக்கவுன்ட் அழிந்தபின் ‘ஐடென்டிட்டி நாட் ஃபவுண்ட்’ என்று எஞ்சி நிற்கும் வரிகளும் இந்தக் கணக்கில் இடம் பிடிக்கும். அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

கூகுள் கிளவுடோடு ஒப்பிட்டால் ஒரு விஷயத்தில் ஏக்கம் வரும். அங்கே ரோல் ரெக்கமெண்டர், கடந்த 90 நாட்களில் ஒருவர் எந்த அனுமதியைப் பயன்படுத்தவே இல்லை என்று பார்த்து, சிறிய ரோலைப் பரிந்துரைக்கிறது. அஸூரின் அக்சஸ் கன்ட்ரோல் பக்கத்தில் அப்படியொரு கை இல்லை. ஆக்டிவிட்டி லாக்கை எடுத்து நாமே அலசவேண்டும். அதுவும் 90 நாள்தான் இருக்கும், ரீட் ஆக்ஷன்கள் அதில் பதிவாகாது. ஆனால் எண்ணிக்கையில் அஸூர் தாராளம்: கூகுளில் ஒரு நிறுவன அளவில் 300 கஸ்டம் ரோல், ஒரு புராஜெக்ட்டுக்கு 300.

இரண்டு மூன்று பேர் உள்ள குழுவுக்குக் கஸ்டம் ரோல் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டின் தயார் ரோல்களை ரிசோர்ஸ் குரூப் அளவில் கொடுத்தாலே போதும். வெளி ஒப்பந்ததாரர், இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர், டிப்ளாய்மென்ட் பைப்லைன் (மென்பொருளைத் தானாக ஏற்றும் அமைப்பு) என்று ஆட்களும் வேலைகளும் பிரியத் தொடங்கும்போது இது அவசியமாகிறது. அப்போதும் பத்துப் பதினைந்து ரோல்களுக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ரோல்களின் ஜேசனை ‘கிட்’டில் (கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் கருவி) வையுங்கள். போர்ட்டலில் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இல்லை. ரோலை ஒரு முறை திருத்தினால் அதை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது மாறும் என்பதால், திருத்தத்தை இன்னொருவர் பார்த்தபின் ஏற்றும் பழக்கம் வேண்டும். இனி வேண்டாம் என்று அழிக்கப் போனால், அசைன்மென்ட் ஒன்று மிச்சம் இருந்தாலும் அஸூர் அழிக்கவிடாது.

கடைசியாக, சப்ஸ்கிரிப்ஷனையே வேறொரு டெனன்ட்டுக்கு மாற்றும் வேலை. நிறுவனங்கள் இணையும்போதும் பிரியும்போதும் இது வரும். மாற்றிய நொடியில் பழைய ரோல் அசைன்மென்ட்கள், கஸ்டம் ரோல்கள் அத்தனையும் நிரந்தரமாக அழிந்துவிடும். திரும்பப் பெற முடியாது. மாற்றும் முன் ‘ஏஇசட் ரோல் அசைன்மென்ட் லிஸ்ட்’ கட்டளையை ‘ஆல்’ சேர்த்தும், ‘ஏஇசட் ரோல் டெஃபினிஷன் லிஸ்ட்’ கட்டளையை ‘கஸ்டம்-ரோல்-ஒன்லி ட்ரூ’ சேர்த்தும் ஓட்டி இரண்டையும் கோப்பில் சேமியுங்கள். புதிய டெனன்ட்டில் யூசர்களின் ஆப்ஜெக்ட் ஐடி வேறாக இருக்கும், ஆகவே பழையதற்குப் புதியது எது என்று ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும். மாற்றியபின் முதலில் அசைனபிள் ஸ்கோப்ஸைச் சரிபார்த்துக் கஸ்டம் ரோல்களையும், அடுத்து அசைன்மென்ட்களையும் மறுபடி உருவாக்க வேண்டும். விஎம்களின் சிஸ்டம் அசைன்டு ஐடென்டிட்டியை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். கீ வால்ட்களில் டெனன்ட் ஐடியைப் புதியதாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும்வரை அதிலிருந்து சாவி எடுக்கும் ஆப்கள் ஓடாது. இதையெல்லாம் பட்டியலிட்டு, யார் எதைச் செய்வது என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த வார இறுதியில் தொடங்குங்கள்.